முகமது அலி மெட்ராஸ் வந்த வருஷம்

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்கள்ல ஒன்னு: "முகமது அலி மெட்ராஸ் வந்தாருன்னு எங்க தாத்தா சொல்றாரு. நிஜமா, இல்ல வாட்ஸப் கதையா?"

நிஜம்தான். எங்க அப்பாவே போய்ப் பார்த்திருக்கார். 1980 ஆரம்பத்துல, நேரு ஸ்டேடியத்துல. அப்பா அப்போ காலேஜ் படிச்சிட்டிருந்தார், வீடு மயிலாப்பூர்ல. கூட்டாளிங்க நாலு பேர் பஸ் பிடிச்சுப் போயிருக்காங்க. இன்னைக்கு சென்ட்ரலுக்குப் பின்னாடி நாம பார்க்கிற ஸ்டேடியம் 90கள்ல திரும்பக் கட்டினது. அன்னைக்கு இருந்தது பழைய, திறந்தவெளி ஸ்டேடியம். நடுவுல ரிங். சுத்தி ஸ்டேடியம் கொள்ளாத கூட்டம். அப்பா உட்கார்ந்த இடத்துலேருந்து பார்த்தா ரிங் தீப்பெட்டி சைஸுக்குத்தான் தெரிஞ்சுதாம். "வெள்ளை டிரவுசர் போட்டவர்தான் அலின்னு பக்கத்துல இருந்தவன் சொன்னான், நம்பிட்டேன்"னு சொல்வார்.

நான் அப்பாகிட்ட கேட்டது வேற ஒரு கேள்வி. "அவர் என்னப்பா பேசினார்?"

அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சார். "பேசினாரா என்ன? ஒன்னும் காதுல விழலையே."

இந்த எபிசோடே அந்தப் பதிலிலிருந்து ஆரம்பிச்சதுதான். உலகத்திலேயே அதிகமா வாய் பேசின குத்துச்சண்டைக்காரர் நம்ம ஊருக்கு வந்திருக்கார், நம்ம வீட்டு ஆளுக்கு அவர் குரலே நினைவுல இல்ல. அதனால இன்னைக்கு அலியோட குத்துகளை விட்டுட்டு குரலைத் தேடிப் போவோம். வசதியா அவர் நிறைய கேமரா முன்னாடி நின்னிருக்கார். சினிமா, டிவி, டாக்குமென்டரி, ஏன், 1963லயே ஒரு எல்பி ரெக்கார்டு. "ஐ ஆம் தி கிரேட்டஸ்ட்"னு பேரு. பாட்டு ஆல்பம் இல்ல, பெரும்பாலும் பேச்சு. தன்னைப் பத்தின எதுகை மோனை வசனங்கள், எதிராளியை நக்கல் அடிக்கிற வரிகள், பின்னணியில சிரிக்கிற கூட்டம். நாங்க இப்போ மைக் முன்னாடி உட்கார்ந்து பண்றதை அவர் 60 வருஷத்துக்கு முன்னாடியே பண்ணிட்டார். அப்போ வயசு 21. பேரு இன்னும் காசியஸ் கிளே.

தெரியாதவங்களுக்காக வேகமா சொல்லிடறேன். 1942 ஜனவரி 17, அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரத்தில் பிறந்தவர். 12 வயசுல சைக்கிள் திருட்டுப் போய், திருடினவனை அடிக்கப் போறேன்னு ஒரு போலீஸ்காரர்கிட்ட அழுதிருக்கார். "முதல்ல சண்டை போடக் கத்துக்கோ"ங்கிற மாதிரி சொல்லி அந்தப் போலீஸ்காரரே ஜிம்முக்குக் கூட்டிட்டுப் போனார். 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் தங்கம். 1964 பிப்ரவரியில் சன்னி லிஸ்டனைத் தோற்கடித்து ஹெவிவெயிட் உலக சாம்பியன். அதன்பின் இஸ்லாம், முகமது அலி என்ற பெயர். 1967ல் வியட்நாம் போருக்கான ராணுவச் சேர்க்கையை மறுத்தார், பட்டம் பறிக்கப்பட்டது, மூன்றரை வருஷம் ரிங்குக்குள்ளேயே கால் வைக்க முடியவில்லை. 1971ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. 1974ல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மேனை வீழ்த்தி மறுபடியும் சாம்பியன். 1978ல் மூன்றாவது முறை.

சரி, சினிமாவுக்கு வருவோம்.

அலி முதல்முதலா சினிமாவில் வந்தது 1962ல், "ரெக்வியம் ஃபார் எ ஹெவிவெயிட்" என்ற படம். ஆந்தனி க்வின் ஹீரோ. மௌன்டன் ரிவேரா என்ற வயசான, அடிவாங்கி ஓய்ந்துபோன பாக்ஸர் வேஷம். படம் ஆரம்பிக்கும்போதே கேமராதான் ரிவேரா. நம்ம மூஞ்சியைப் பார்த்துதான் குத்து வருது. குத்துகிற இளைஞன் காசியஸ் கிளே, அவராவே வர்றார். வயசு 20. தழும்பு இல்லாத முகம், நிக்காத கால். ரிவேரா விழறார். அப்புறம் ட்ரெஸ்ஸிங் ரூமில் டாக்டர் அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, இனிமே நீ சண்டை போட்டா பார்வை போயிடும் என்று சொல்கிறார். மீதிப் படம் முழுக்க, குத்துச்சண்டை தவிர வேற எதுவும் தெரியாத ஒரு மனுஷன் என்ன ஆகிறான் என்பதுதான்.

நான் இந்தப் படத்தை ரொம்ப லேட்டா, இந்த எபிசோடுக்காகத்தான் பார்த்தேன். அந்த முதல் சீனை மூணு தடவை ரீவைண்ட் பண்ணினேன். அலியோட முதல் படமே பாக்ஸிங் ஒரு உடம்பை என்ன செய்யும்னு சொல்ற படம், அதுல அவர் அடிக்கிற ஆளா வர்றார். கதை எழுதினவங்க யாரும் இப்படித் திட்டம் போட்டிருக்க முடியாது.

நடுவுல வர்ற சிலதை ஓட்டிடறேன். தடைக் காலத்தில் காசுக்காக பிராட்வேயில் "பக் ஒயிட்" என்ற இசை நாடகத்தில் நடித்தார். 1969 டிசம்பர், ஏழே காட்சி, மூட்டை கட்டிட்டாங்க. அதே வருஷம் ராக்கி மார்சியானோவோடு ஒரு விசித்திரமான ஷூட்டிங். தோல்வியே காணாத பழைய சாம்பியன் மார்சியானோவும் அலியும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று கம்ப்யூட்டரைக் கேட்டு, அது சொன்னபடி இருவரையும் ரிங்கில் நடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். பல முடிவுகளை எடுத்து வைத்துக்கொண்டார்களாம், நடித்தவர்களுக்கே ரிசல்ட் தெரியாது. மார்சியானோ தலையில் விக். படம் வெளியாகும் முன்பே, 1969 ஆகஸ்ட் கடைசியில் விமான விபத்தில் இறந்துபோனார். 1970ல் தியேட்டருக்கு வந்தபோது 13வது ரவுண்டில் மார்சியானோ ஜெயிக்கிறார். அந்தக் கம்ப்யூட்டரை அலபாமாவில் செய்திருப்பார்கள் என்று அலி கிண்டல் அடித்தார். நிறவெறிக்குப் பேர்போன மாநிலத்தைச் சொல்லி ஒரு குத்து. ஏஐ வீடியோவைப் பார்த்து இன்னைக்கு நாம அலுத்துக்கிறோம், இவங்க 1969லயே ஆரம்பிச்சுட்டாங்க.

1977ல் "தி கிரேட்டஸ்ட்". அலியின் வாழ்க்கைக் கதை, அலியாக அலியே. சொந்தக் கதையில் தன் வேஷத்தைத் தானே போடுவது எவ்வளவு கஷ்டம்னு அந்தப் படத்தைப் பார்த்தா புரியும். நிஜச் சண்டைக் காட்சிகளை நடுநடுவே ஒட்டியிருப்பார்கள். படத்தை விட அதன் பாட்டு பிழைத்துக்கொண்டது. ஜார்ஜ் பென்சன் பாடிய "தி கிரேட்டஸ்ட் லவ் ஆஃப் ஆல்" இந்தப் படத்துக்காக எழுதினதுதான். பிறகு விட்னி ஹூஸ்டன் பாடி உலகம் முழுக்கப் போச்சு.

படத்தில் 35 வயசு அலி 22 வயசு அலியாக வசனம் பேசறார். ஹெட்போன் போட்டுக் கேளுங்க. 1964ல் நிஜமாகவே லிஸ்டன் சண்டைக்கு முன்னாடி கத்தினதையும், 1977ல் அதே மாதிரி நடிச்சதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கேட்டேன். ஆடியோ எடிட் பண்றவனுக்கு ஒரு வியாதி உண்டு, வேவ்ஃபார்மைப் பார்ப்போம். முதல்ல இருக்கிறதுல வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவுல இடமே இல்ல. ரெண்டாவதுல இடைவெளி இருக்கு.

நான் கண்டுபிடிச்சிட்டேன்னு குதிச்சேன். அப்புறம் தேடினா, விஞ்ஞானிகள் எனக்கு முன்னாடியே அளந்து வெச்சிருக்காங்க. அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டியில் விசார் பெரிஷா, ஜூலி லிஸ் என்ற பேச்சு ஆய்வாளர்கள், அலியின் வரலாற்றை எழுதிய ஜொனாதன் ஐக் என்பவரோடு சேர்ந்து, பழைய டிவி பேட்டிகளை எடுத்து வைத்து, ஒரு விநாடிக்கு எத்தனை அசை பேசுகிறார் என்று எண்ணினார்கள். 2017ல் வெளியானது. 26 வயசுக்கும் 39 வயசுக்கும் நடுவில் அவர் பேசும் வேகம் 26 சதவீதம் குறைந்திருக்கிறது. பொதுவா அந்த வயசுல யாருக்கும் பேச்சு இப்படிக் குறையாது. 1977ல் எர்னி ஷேவர்ஸோடு 15 ரவுண்டு நின்ற சண்டைக்கு முன்பும் பின்பும் அளந்தபோது, அந்த ஒரு சண்டையில் மட்டும் 16 சதவீதம் வித்தியாசம். பார்க்கின்சன்ஸ் என்று டாக்டர்கள் சொன்னது 1984ல். பேச்சு அதற்குப் பல வருஷம் முன்பே சொல்லிவிட்டது.

ஷேவர்ஸ் சண்டைக்குப் பிறகு அவருடைய டாக்டர் ஃபெர்டி பச்சேக்கோ, சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது, நிறுத்துங்கள் என்று லேப் ரிப்போர்ட்டோடு அலிக்கும் சுற்றியிருந்தவர்களுக்கும் எழுதினார். யாரும் பதில் போடவில்லை. அவர் விலகிக்கொண்டார்.

இந்த நிலைமையில்தான் நம்ம மெட்ராஸ் வருது.

1979ல் ஓய்வு அறிவித்தாயிற்று. அதே வருஷம் அக்டோபரில் "ஃப்ரீடம் ரோடு" என்ற டிவி படம் வந்தது. அடிமையாக இருந்து, உள்நாட்டுப் போருக்குப் பிறகு செனட்டர் ஆகும் ஒருவரின் கதை. அலி தன்னை விட்டு வெளியே வந்து வேறொருவராக நடித்த பெரிய வேஷம் அது ஒன்றுதான். என் காதுக்கு அதில் அவர் குரல் ரொம்பத் தணிவு. நடிப்பா, உடம்பா, பிரிச்சுச் சொல்ல முடியல. அடுத்து சில மாசத்துல இந்தியா. டெல்லியில் இந்திரா காந்தியைப் பார்க்கிறார். மெட்ராஸில் அப்போ முதலமைச்சர் எம்.ஜி.ஆர். இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற கருப்பு வெள்ளைப் படம் இணையத்தில் கிடைக்கும், பாருங்க. தொப்பி, கண்ணாடியோட எம்.ஜி.ஆர்., பக்கத்துல அவரை விட ஒரு தலை உயரமா அலி.

நான் அந்தப் படத்தைப் பல வருஷமா பார்த்திருக்கேன், ஒரு விஷயம் உறைக்கவே இல்ல. தி.நகர் ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லம் இருக்கு இல்லையா, அந்தப் பாடம் பண்ணின சிங்கம் நிக்கிற வீடு. போன மாசம் பாண்டி பஜார் போன வேலை முடிஞ்சு சும்மா உள்ளே நுழைஞ்சப்பதான் உறைச்சுது. 1967 ஜனவரி 12, எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆர். கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார், குரல் மாறிவிட்டது. நடிகனுக்குக் குரல்தானே சோறு. அவர் இன்னொருத்தரை டப்பிங் பேசவைக்கல. அதே வருஷம் வந்த "காவல்காரன்" படத்துல அந்த மாறின குரல்லயே பேசினார். ஜனங்க அதையும் ஏத்துக்கிட்டாங்க. அதே 1967 ஏப்ரலில்தான் அலியின் பட்டமும் பறிபோனது. பதிமூணு வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் மெட்ராஸ்ல ஒரே ஃபோட்டோவுல. ஒருத்தர் குரல் ஒரே ராத்திரியில போச்சு, ஊருக்கே தெரியும். இன்னொருத்தர் குரல் கொஞ்சம் கொஞ்சமா போயிட்டிருக்கு, யாருக்கும் தெரியல.

ரிங்கில் அலியோடு இறங்கியவர் ஜிம்மி எல்லிஸ். இது கண்காட்சிச் சண்டை, நிஜ மோதல் இல்லை. எல்லிஸும் லூயிவில்காரர்தான், சின்ன வயசிலிருந்து அலிக்குப் பழக்கம். அலியின் பட்டத்தைப் பறித்தார்களே, அதற்காக நடத்திய போட்டியில் ஜெயித்து 1968ல் டபிள்யூபிஏ சாம்பியன் ஆனவர் இவர். நண்பனின் காலி நாற்காலியில் உட்கார்ந்தவர். 1971ல் இருவரும் நிஜமாகவே மோதினார்கள், 12வது ரவுண்டில் அலி முடித்துவைத்தார். 1975ல் எல்லிஸ் ஓய்வுபெறக் காரணம் கண்ணில் பட்ட காயம், ஒரு பக்கப் பார்வை போய்விட்டது. "ரெக்வியம்" படத்தில் டாக்டர் ரிவேராவிடம் சொன்னது ஞாபகம் இருக்கா? பிற்காலத்தில் எல்லிஸுக்கு மறதி நோய் வந்து 2014ல் இறந்தார்.

ராக்கி பிராஸ் என்ற நம்ம ஊர் குத்துச்சண்டை வீரரோடும் அலி அன்று விளையாட்டாகச் சண்டை போட்டார். ஊர்க்காரனுக்குக் கூட்டம் கத்தினதுதான் அப்பாவுக்கு நல்லா நினைவிருக்கு. "நம்ம ஆளு அலியையே அடிக்கிறான்டா"ன்னு எழுந்து நின்னாங்களாம். வட சென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று தலைமுறை தலைமுறையாக ரோஷமாகக் குத்திக்கொண்டிருந்த ஊர் இது. அலி அவர்களுக்குப் பேப்பரில் வந்த படம், தியேட்டரில் நியூஸ் ரீல். மெட்ராஸுக்கு டிவியே 1975 ஆகஸ்டில்தான் வந்தது. அப்படிப்பட்ட ஆள் நேரில் வந்து, கையை இறக்கிவிட்டு, நம்ம பையனை அடிக்கவிட்டு வேடிக்கை காட்டினால் எப்படி இருந்திருக்கும்!

இங்கே இருக்கும்போதே அவருக்கு வேறொரு வேலை வந்தது. மாஸ்கோ ஒலிம்பிக்ஸைப் புறக்கணிக்கச் சொல்லி ஆப்பிரிக்க நாடுகளிடம் பேச முடியுமா என்று அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் கேட்டுக்கொண்டார். இந்தியாவிலிருந்தே நேராக தான்சானியா போனார். அங்கே ஜனாதிபதி நியரேரே பார்க்கவே மறுத்துவிட்டார். எங்கள் அரசியலைப் பேச ஒரு விளையாட்டு வீரரா என்று கோபம். அந்தப் பயணம் படுதோல்வி. தனி எபிசோடு போடற அளவுக்குக் கதை இருக்கு, இன்னைக்கு வேணாம்.

ஏன்னா அதே வருஷம் அதைவிட மோசமானது நடந்தது. அலி ஓய்விலிருந்து திரும்பி வந்து, லாரி ஹோம்ஸோடு மோத ஒத்துக்கொண்டார். சில மில்லியன் டாலர் விஷயம். லைசென்ஸ் கொடுக்கும் முன் நெவாடா மாநிலம் மருத்துவப் பரிசோதனை கேட்டது. 1980 ஜூலையில் மேயோ கிளினிக். கைகளில் மதமதப்பு, பேச்சில் லேசான குழறல். விரலால் மூக்கைத் தொடுவதில் சிறு பிசகு. ஒற்றைக் காலில் குதிப்பது எதிர்பார்த்த அளவு வரவில்லை. இவ்வளவும் ரிப்போர்ட்டில் இருந்தது. லைசென்ஸ் கொடுத்தார்கள். அக்டோபர் 2, லாஸ் வேகஸ். பத்து ரவுண்டு அடிவாங்கினார். ஹோம்ஸ் ஒருகாலத்தில் அலிக்கு ஸ்பாரிங் பார்ட்னராக இருந்தவர், அடிக்கும்போதே நிறுத்தச் சொல்லி நடுவரைப் பார்க்கிறார். கடைசியில் கோச் ஆஞ்சலோ டண்டீ நிறுத்தினார். மெட்ராஸ்ல கைதட்டு வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல.

பார்க்கின்சன்ஸுக்கு பாக்ஸிங்தான் காரணமா என்பதில் டாக்டர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. சிலருக்கு சின்ன வயசிலேயே அடிபடாமலும் வரும். அதை மறைச்சுப் பேச எனக்கு விருப்பம் இல்ல. ஆனா அந்தப் பேச்சு அளவு எனக்கு மனசை விட்டுப் போகல.

அதுக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கு. 2021ல "சார்பட்டா பரம்பரை" பார்த்துட்டு உங்கள்ல எத்தனை பேர் பாக்ஸிங் கிளாஸ் சேர்ந்தீங்க? நான் சேர்ந்தேன். அடையாறு பக்கம் ஒரு இடம், பேர் வேணாம். டான்சிங் ரோஸ் மாதிரி கால் வரணும்னு ஆசை. கயிறு தாண்டறது, பேக் குத்தறது எல்லாம் ஜாலிதான். மூணாவது மாசம் ஸ்பாரிங். என்னைவிட எடை அதிகமான பையன், காதுக்கு மேலே ஒன்னு விட்டான். விழல. ஆனா அன்னைக்கு ராத்திரி லேப்டாப் வெளிச்சம் கண்ணைக் குத்துச்சு, ரெண்டு நாள் தலைவலி. கோச்கிட்ட சொன்னேன், "இதெல்லாம் சகஜம் தம்பி, பழகிடும்"னு சிரிச்சார். டாக்டர்கிட்ட போகணும், சரியாகற வரைக்கும் ரிங் பக்கம் வரக்கூடாதுன்னு அவர்தான் சொல்லியிருக்கணும். எனக்கும் தோணல. அடுத்த வாரமே மறுபடியும் போனேன், ஏன்னா போகலைன்னா பயந்துட்டான்னு நினைப்பாங்க.

இந்த எபிசோடுக்கு ரிசர்ச் பண்ணிட்டு போன வாரம் கோச்கிட்ட சொல்லிட்டேன்: கிளாஸ் வர்றேன், பேக் குத்தறேன், பேட் அடிக்கிறேன், தலையில அடிக்கிற ஸ்பாரிங் மட்டும் வேணாம். அவருக்குப் பிடிக்கல. பசங்க ரெண்டு பேர் சிரிச்சாங்க. போட்டி போடறவங்க வேற முடிவு எடுக்கலாம், அது அவங்க தொழில். நான் ஞாயித்துக்கிழமை பாக்ஸர்.

பார்க்க வேண்டியதைச் சொல்லிடறேன். முதல்ல "ரெக்வியம்", ஆரம்ப சீனுக்காகவாவது. அடுத்து "வென் வி வேர் கிங்ஸ்", ஃபோர்மேன் சண்டையைப் பத்தின டாக்குமென்டரி. 1974ல் எடுத்த ஃபிலிம், வெளியே வரவே 22 வருஷம் ஆச்சு, ஆஸ்கர் வாங்கிச்சு. அதுல அலி பேசறதைக் கேட்டா அவர் உச்சத்துல எப்படி இருந்தார்னு புரியும். 1997ல் அந்த ஆஸ்கர் மேடைக்கு அலி படியேறும்போது கைகொடுத்துக் கூட்டிட்டுப் போனவர் ஃபோர்மேன்தான். அலி அங்கே ஒரு வார்த்தை பேசல. அதுக்கு முந்தின வருஷம் அட்லான்டா ஒலிம்பிக்ஸில் ஜோதி ஏற்றினார், கை நடுங்க நடுங்க. அங்கேயும் பேச்சு இல்ல. 2016 ஜூனில் 74 வயசில் இறந்தார். வில் ஸ்மித் நடிச்ச 2001 "அலி" படம் கடைசியா பாருங்க, அவசரம் இல்ல.

நேத்து ராத்திரி அப்பாவுக்கு அந்த 1963 ரெக்கார்டைப் போட்டுக் காட்டினேன். ஹெட்போன் வேண்டாம்னுட்டார், ஃபோன் ஸ்பீக்கர்லயே கேட்டார். இங்கிலீஷ் பாதி பிடிபடல, ஆனா சிரிச்சிட்டே இருந்தார்.

"இவ்வளவு வேகமாவாடா பேசுவார்?"

"ஆமாம்பா."

"திரும்பப் போடு."

போட்டேன். அடுத்த வாரம் சந்திப்போம்.